ஒன்றாம் நம்பர் வில்லை

போன வாரத்தைத் தவறவிட்டவர்கள் பதற வேண்டாம், நடந்தது இவ்வளவுதான். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றை முப்பத்தைந்து வருடமாக நடத்திவரும் பெரியவர், திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தன் நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுக்கப்போவதாக அறிவித்திருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்பு, சனிக்கிழமை மத்தியானம், ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் தலைமை மெக்கானிக் நெட்டை லிஃப்ட் கூண்டின் தலைமேல் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். அணைத்து வைத்த மின்சாரம் எப்படியோ வந்தது. கூண்டு நகர்ந்தது. தோள் நசுங்கி, காரை எலும்பு விரிசல் விட்டு, மயிரிழையில் உயிர் தப்பினார். மின்சாரம் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவில்லை என்பதுதான் சரி.

இன்று திங்கட்கிழமை.

பெரியவர் ஆறு மணிக்கே எழுந்துவிட்டார். அவருக்கு முன்பாகவே முழங்கால் இரண்டும் விழித்துக்கொண்டு வலிக்க ஆரம்பித்திருந்தன. லிஃப்ட்காரனுக்குக் கால் சீக்கிரம் போய்விடும் என்று தொழிலில் ஒரு கேலி உண்டு. லிஃப்ட் ஓடாதபோதுதானே அவனைக் கூப்பிடுகிறார்கள். மற்றவர்கள் படி ஏறாமல் இருப்பதற்காக அவன் ஆயுசு முழுக்கப் படி ஏறவேண்டியிருக்கிறது.

சாப்பாட்டு மேசையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. டம்ளருக்கு அடியில் ஒரு தாள்.

"நெட்டையோட வாக்குமூலம்" என்றாள் அவர் மனைவி. "படிச்சிட்டு கீழ கையெழுத்து போட்டுடுங்க. கட்டடத்துக்காரங்க மத்தியானத்துக்குள்ள கேட்டிருக்காங்க."

இந்த அம்மாளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இருபத்தெட்டு வருடமாகக் கம்பெனியின் முன்னறையில் உட்கார்ந்து புகார் போனை எடுப்பவர். எந்தக் கட்டடத்தில் எந்த மெக்கானிக் இருக்கிறார் என்று சுவரில் மாட்டிய கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதிவைப்பவர். முதலாளி பெரியவர் என்று வெளியே சொல்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்கு விஷயம் தெரியும்.

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். 'வேலையைத் தொடங்கும் முன் வில்லையை மாட்ட மறந்துவிட்டேன். யாரும் இல்லை என்று கருதி மின்சாரம் கொடுக்கப்பட்டது. தவறு முழுவதும் என்னுடையது.'

அவர் மறுபடியும் முதல் வரிக்குப் போனார்.

வில்லை என்பது இந்தக் கம்பெனியின் உயிர். ஒவ்வொரு மெக்கானிக்குக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளை வில்லை உண்டு. மொத்தம் முப்பத்தொன்று. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய், மெயின் ஸ்விட்சை அணைத்து, பக்கத்துக் கொக்கியில் தன் வில்லையை மாட்டிய பிறகுதான் ஒரு மெக்கானிக் கீழே போய் லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குவார். வில்லை தொங்குகிறவரை யாரும் ஸ்விட்சைத் தொடக்கூடாது. மாட்டியவர்தான் வந்து எடுக்கவேண்டும். மறந்துபோய் அவர் வீட்டுக்கே போயிருந்தாலும், ஒன்றாம் நம்பர்காரருக்கு மட்டும்தான் அதை எடுக்கும் உரிமை உண்டு. அதுவும் சும்மா இல்லை. அந்த ஆளை நேரில் தேடிப்போய், முகத்தைப் பார்த்து, 'எடுக்கட்டுமா' என்று கேட்ட பிறகு.

இந்த விதியை வகுத்தவர் பெரியவர். ஒன்றாம் நம்பர் அவரிடம்தான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு மகன் வேலைக்கு வந்த முதல் நாளே அதைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"நெட்டை மறந்தானா?"

"மனுஷன்தானே. மறக்கமாட்டாரா?"

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் மறந்ததில்ல. இது உன் கையெழுத்தால்ல இருக்கு?"

"அவருக்கு வலது கையில கட்டு போட்டிருக்கு. அவரு சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கையெழுத்து அவரே போட்டாரு பாருங்க, இடது கையால."

தாளின் அடியில் ஒரு கோணல் கோடு, பாதியில் நின்று, திரும்பத் தொடங்கி, அழுத்தத்தில் தாளையே கிழித்திருந்தது.

"அவன் சொல்லச் சொல்ல நீ எழுதினியா, நீ எழுத எழுத அவன் கேட்டானா?"

அவள் சுத்தமாக இருந்த மேசையைத் துணியால் துடைக்க ஆரம்பித்தாள். கல்யாணமாகி நாற்பது வருடம். அவள் எதைத் துடைக்கிறாள் என்று அவருக்குத் தெரியும்.

"மின்சாரம் கொடுக்கப்பட்டதுன்னு இருக்கே. யாரால?"

"என்னங்க, இன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு நம்ம பையன் உங்க நாற்காலியில உக்காரப்போறான். எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். நெட்டையே பெரிய மனசு பண்ணி ஒதுங்கிக்கிட்டாரு. இதைப் போய் நோண்டிக்கிட்டு இருக்காதீங்க."

பெரியவருக்குக் கோபம் வரவேண்டிய இடம் இது. வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். கையெழுத்துப் போடவில்லை.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"அந்தக் கட்டடத்துக்கு."

"ஏழு மாடி. லிஃப்ட் ஓடாது."

"தெரியும்" என்றார். "அதை நிறுத்தி வெச்சிருக்கறதே நான்தான்."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அவளும் தடுக்கவில்லை.

*

மூன்றாவது மாடியில் ஒரு தடவையும் ஐந்தாவது மாடியில் ஒரு தடவையும் உட்கார்ந்தார். மூன்றாவது மாடியில் ஒரு பாட்டியம்மாள் கதவைத் திறந்து, "எப்ப சார் லிஃப்ட் ஓடும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூடிக்கொண்டாள். லிஃப்ட்காரர்களின் பதிலை யார் நம்புகிறார்கள்.

நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்து எடுத்து, மனிதர்களைப் பற்றிப் பெரியவருக்கு ஒரு கணக்கு இருந்தது. முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் மரியாதையாக இருப்பார்கள். பத்து நிமிடம் ஆனால் இது யாருடைய தப்பு என்று பேச்சு வரும். இருபது நிமிடத்தில் அதற்குள் ஒரு தலைவர் முளைத்துவிடுவார். மணியை அழுத்துங்கள், அதை அழுத்தாதீர்கள், எல்லோரும் தள்ளி நில்லுங்கள் என்று உத்தரவு போடுவார். அநேகமாக அவருக்கு லிஃப்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. குரல் மட்டும் பெரிதாக இருக்கும். விஷயம் தெரிந்த ஆள் மூலையில் பேசாமல் நின்றுகொண்டிருப்பார். கதவு திறந்ததும் முதலில் வெளியே வருபவரும் அந்தத் தலைவர்தான்.

தன் கம்பெனியில் அப்படி நடக்காது என்று பெரியவர் ரொம்ப நாள் நம்பினார். யாருடைய சொந்தக்காரரையும் வேலைக்குச் சேர்ப்பதில்லை என்று இருபது வருடத்துக்கு முன்பே ஒரு விதி போட்டார். மாமன் மச்சான் என்று கூட்டம் சேர்ந்தால் வேலை கெட்டுவிடும் என்று காரணமும் சொன்னார். அந்த விதி எல்லா மெக்கானிக்குகளுக்கும் பொருந்தியது. தன் மகனை அழைத்துவந்த அன்று, அதே விதியை நினைத்துப் பார்த்ததாகக்கூட அவருக்கு ஞாபகம் இல்லை.

மோட்டார் அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே கவிழ்த்துப் போட்ட கிரீஸ் டப்பாமேல் மகன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது. இரண்டு நாளாகச் சவரம் செய்யவில்லை.

"வீட்டுக்கு ஏன் வரல?"

"தூக்கம் வரல. இங்கயே சுத்திக்கிட்டு இருந்தேன்."

பெரியவர் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். ஸ்விட்ச் அணைந்திருந்தது. பக்கத்துக் கொக்கி காலியாக இருந்தது.

"நெட்டை வில்லை மாட்ட மறந்துட்டானாம். எழுதிக் கொடுத்திருக்கான்."

மகன் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு சட்டைப்பைக்குள் விரலை விட்டு எதையோ எடுத்து, அப்பாவின் பக்கம் நீட்டினான்.

பித்தளை வில்லை. அதில் ஏழு என்று அடித்திருந்தது. ஏழு நெட்டையின் நம்பர்.

மாட்ட மறந்திருந்தால் வில்லை நெட்டையின் பையில் இருந்திருக்கவேண்டும். பெரியவர் அதை வாங்கவில்லை. மற்றொரு கிரீஸ் டப்பாவைக் காலால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சொல்லு."

"ஆறாவது மாடியில ஒருத்தரு, சக்கர நாற்காலியில இருக்கறவரு. ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, ரெண்டு மணி நேரமா லிஃப்ட் நிக்குதுன்னு அம்மாவுக்கு போன் மேல போன். நான் பக்கத்து தெருவுல இருந்தேன். நெட்டை சித்தப்பா முடிச்சிருப்பாரு, போய் ஓட்டி விட்டுடுன்னு அம்மா சொன்னாங்க. வந்து பாத்தேன். வில்லை தொங்குது. கீழ அவரு ஸ்கூட்டரைக் காணோம். மூணு தடவை போன் அடிச்சேன். எடுக்கல."

"குழிக்குள்ள சிக்னல் கிடைக்காது."

"தெரியும்பா."

"ஸ்கூட்டர் பழுதாகி ஒரு வாரமா பஸ்ல வரான்."

"அது தெரியாது." அவன் கையிலிருந்த வில்லையைப் பார்த்தான். "மறந்து மாட்டிட்டு சாப்பிடப் போயிட்டாருன்னு நினைச்சேன். எடுத்துட்டேன். ஸ்விட்சைப் போட்டேன். சத்தம் கேட்டுச்சுப்பா. அவரு அலறினது. அந்த செகண்டே அணைச்சிட்டேன். ஆனா கேட்டுச்சு."

"முகத்தைப் பாத்து எடுக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"சொல்லியிருக்கீங்க."

"அப்புறம்?"

மகன் சண்டைக்கு வருகிற குரலில் பேசவில்லை. களைத்துப்போன குரலில், அப்பாவின் குரலைப் போலவே, பேசினான்.

"நான் வேலைக்கு வந்த புதுசு. அந்த பத்து மாடி பேங்க் கட்டடம். பன்னிரண்டாம் நம்பர் வில்லை தொங்கிட்டு இருந்துச்சு. நீங்க கீழ எட்டிக்கூடப் பாக்கல. 'பையைக் காணோம், டீ கிளாஸைக் கவுத்து வெச்சிருக்கான், ஆளு கிளம்பிட்டான்'னு சொல்லி எடுத்தீங்க. ஸ்விட்சைப் போட்டீங்க. நான் பயந்துபோய் பாத்தேன். அப்ப என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'இதெல்லாம் நமக்குத் தெரியும்டா'ன்னீங்க. எனக்குத் தெரியும்னு சொல்லல. நமக்குன்னு சொன்னீங்க."

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது என்று எழுதினால் நாடகமாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்த பேங்க் கட்டடம் நன்றாகவே ஞாபகம் வந்தது. அதற்கு முன்பு எடுத்த வில்லைகளும், பின்பு எடுத்தவையும் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாத் தடவையும் அவர் நினைத்தபடிதான் இருந்தது. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அதனாலேயே அது தப்பு என்று தோன்றவில்லை.

தன் ஆட்களை அவருக்கு அவ்வளவு தெரியும். யார் டம்ளரைக் கவிழ்த்து வைப்பான், யார் பையை எங்கே வைப்பான் என்பதெல்லாம் முப்பத்தைந்து வருடத்தில் உடம்பில் ஊறியது. மகனுக்கு எதுவும் ஊறவில்லை. 'நமக்கு' என்ற ஒரு சொல் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது. மற்ற முப்பது பேரும் வேலைக்கு வந்தபோது கடைசி நம்பரை வாங்கி, தன் உயிரைக் கொக்கியில் மாட்டிவிட்டுக் குழிக்குள் இறங்கக் கற்றுக்கொண்டார்கள். இவன் முதல் நாளே அடுத்தவன் வில்லையை எடுக்கிற இடத்தில் வந்து நின்றான். நிறுத்தியது யார் என்று கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"அன்னைக்கே சொல்லிட்டேன். மூச்சு விடாதே, நான் பாத்துக்கறேன்னாங்க."

"சரி. எந்திரி. சவரம் பண்ணிட்டு அஞ்சு மணிக்கு வந்து சேரு."

"நாற்காலி எனக்கு வேண்டாம்பா."

"வேணும், வேண்டாம்னு சொல்ற இடத்துல நீ இல்ல" என்றார் பெரியவர். "நானும் இல்ல." பிறகு ஏழு மாடியும் இறங்கினார். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கஷ்டம்.

*

நெட்டையின் வீட்டுக் கதவைத் திறந்தது அவருடைய மகள்.

"வாங்க சார்."

இரண்டு மாதத்துக்கு முன்பு வரை பெரியப்பா. நெட்டை அவரை அண்ணே என்று கூப்பிடுவதால் அவளுக்கு அவர் பெரியப்பா. அவள் மின்பொறியியல் படித்து முடித்து, கம்பெனியில் வேலைக்கு விண்ணப்பம் கொடுத்தாள். பெரியவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்து, சொந்தக்காரர்களைச் சேர்ப்பதில்லை என்கிற விதியைச் சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து சார்.

நெட்டை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம். கட்டிலுக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. வலது தோளையும் கையையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

"எதுக்குண்ணே இவ்வளவு தூரம்? போன் பண்ணியிருக்கலாம்ல."

"நீ முதல் மாடியில குடியிருக்க. அதுவரைக்கும் ஏறுவேன்."

நெட்டை சிரிக்கப் பார்த்தார். தோள் இழுத்துப் பிடிக்க, சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வில்லையை மாட்ட மறந்துட்டியாமே."

"ஆமாண்ணே."

"எனக்குக் காது குத்தாத. ஏழாம் நம்பர் என் பையன் சட்டைப்பையில இருக்கு."

நெட்டை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று இருவருக்கும் தெரிந்தது.

"எழுதினது எழுதினதாவே இருக்கட்டும்ணே. எனக்கு உயிர் இருக்கு. அவனுக்கு வயசு இருக்கு. பூசி மெழுகிட்டு போயிட்டே இருக்கலாம்."

"எதுக்காக எழுதின? என் மேல உள்ள பாசத்துலயா?"

"அதுவும்தான்."

"வேற?"

நெட்டை ஏதோ சொல்லப்போகிறவர் போல வாயைத் திறந்து, மென்று முழுங்கினார். "அண்ணி வந்து உக்காந்து அழுதாங்க. எல்லாரையும் விட அவங்க அழுதா எனக்குத் தாங்காது. அப்புறம், இனிமே அந்த நாற்காலியில அவன்தான் உக்காரப்போறான். நான் இன்னும் ஆறு வருஷம் வேலை பாக்கணும். இந்தத் தோளோட."

சமையலறைக்குள் இருந்து மகள் வெளியே வந்தாள். கை ஈரத்தைத் துடைக்கக்கூட இல்லை.

"முழுசா சொல்லுங்கப்பா. எனக்கு அந்த வேலை கிடைக்கலாம்னு நினைச்சீங்கல்ல?"

"நீ உள்ள போம்மா."

"போறேன். ஆனா சாரைப் பாத்து ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். சொந்தக்காரங்களைச் சேர்க்கறதில்லைங்கற ரூல் சார், அது எங்களுக்கு மட்டுமா?"

பெரியவர் தலையாட்டினார். ஆமாம் என்றா, தெரியாது என்றா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் உள்ளே போய்விட்டாள்.

ஒரு மனிதன் தன் தோளை நசுக்கியவனுக்காகப் பொய் எழுதிக் கொடுக்கிறான். அதில் கொஞ்சம் பாசம், கொஞ்சம் பயம், கொஞ்சம் மகளுடைய எதிர்காலம். எது எவ்வளவு என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. இப்படி ஒரு நிலைமையில் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, முப்பத்தைந்து வருடமாகத் தன்னை நல்ல முதலாளி என்று நினைத்துக்கொண்டிருந்தோமே என்று பெரியவருக்குத் தன்மேலேயே அலுப்பாக இருந்தது.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன்" என்றார். "நாற்காலியை மறந்துடு. நீ குழிக்குள்ள இருக்க. மேல ஸ்விட்ச் பக்கத்துல யாராவது ஒருத்தர் நிக்கணும். யார் நின்னா நீ பயமில்லாம வேலை பாப்ப?"

நெட்டை திரும்பிப் பார்த்தார்.

"இதைத்தான் இன்னைக்கு எல்லார்கிட்டயும் கேக்கப்போறேன்." கேட்கப்போகிறோம் என்று அந்த நிமிடம் வரை அவருக்கே தெரியாது. சட்டைப்பையில் இருந்த மஞ்சள் புகார்ச்சீட்டுக் கட்டில் ஒன்றைக் கிழித்து நெட்டையின் இடது கைக்குப் பக்கத்தில் வைத்தார். "நம்பரை மட்டும் எழுது. உன் நம்பரை எழுதக்கூடாது."

"யோசிச்சு அனுப்பறேண்ணே" என்றார் நெட்டை.

*

ஐந்து மணிக்குப் பட்டறையில் எல்லோரும் கூடினார்கள். பழைய மோட்டார்களையும் சுருட்டி வைத்த கம்பி வடங்களையும் ஓரமாகத் தள்ளி இடம் பண்ணியிருந்தார்கள். மகன் சவரம் செய்துகொண்டு கடைசியில் நின்றான். பெரியவரின் மனைவி கரும்பலகையைத் துடைத்து வைத்துவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நல்ல சேதியைக் கேட்க வந்தவளாக முகத்தை வைத்துக்கொள்ள அவள் எவ்வளவு பாடுபடுகிறாள் என்று பெரியவருக்குத் தெரிந்தது.

அவர் வளவளவென்று பேசவில்லை.

"சனிக்கிழமை நெட்டை வில்லையை மாட்டித்தான் இருந்தான்" என்றார். "மறந்துட்டேன்னு அவன் எழுதிக் கொடுத்த தாள் இங்க இருக்கு. அது பொய். நடந்ததை நடந்தபடி எழுதி, கட்டடத்துக்காரங்ககிட்ட இப்பத்தான் கொடுத்துட்டு வந்தேன். அவங்க நம்மளை விட்டுட்டு வேற கம்பெனிக்குப் போனா, போகட்டும்."

போன் பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"வில்லையை எடுத்தது..." என்று பெரியவர் தொடங்கும்போதே மகன் முன்னால் வந்துவிட்டான்.

"நான்தான். முகத்தைப் பாக்காம எடுத்தேன்." ஏழாம் நம்பர் வில்லையை மேசைமேல் வைத்தான். அதன் பக்கத்தில் ஒன்றாம் நம்பரையும் வைத்தான். முப்பது பேர் இருந்த இடத்தில் அந்தப் பித்தளைச் சத்தம் நன்றாகக் கேட்டது.

"அவன் எடுத்தது ஒரு தடவை" என்றார் பெரியவர். "நான் எத்தனை தடவைன்னு எனக்கே தெரியாது. எனக்கு அதிர்ஷ்டம் இருந்துச்சு. அதை நான் அனுபவம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

பன்னிரண்டாம் நம்பர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பேங்க் கட்டடத்தில் அன்று என்ன நடந்தது என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு பெரியவர் கேள்வியைச் சொன்னார். மஞ்சள் சீட்டுகளைக் கொடுத்தார். சொந்த நம்பரை எழுதக்கூடாது என்றார். நாற்காலி யாருக்கு என்று கேட்டிருந்தால் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பார்கள். ஸ்விட்ச் பக்கத்தில் யார் என்று கேட்டதும், அவரவர் தன் சீட்டைத்தான் பார்த்தார்கள். கிரீஸ் டப்பா ஒன்று கைமாறிப் போய்க்கொண்டிருந்தபோது நெட்டையின் மகள் வாசலில் வந்து நின்றாள். மடித்த மஞ்சள் சீட்டு ஒன்றைப் பக்கத்தில் இருந்தவர் அவளிடம் வாங்கி டப்பாவில் போட்டார்.

பெரியவர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்க, அவர் மனைவி கரும்பலகையில் கோடு போட்டாள். இருபத்தெட்டு வருடப் பழக்கம், கை தானாகவே எழுதியது.

ஏழு. ஏழு. பன்னிரண்டு. ஏழு. பத்தொன்பது. ஏழு. வரவர எல்லாம் ஏழாகவே வந்தது. நெட்டை படுக்கையில் கிடந்தபடியே ஜெயித்துக்கொண்டிருந்தார். மகன் ஒன்றையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அடியில் இரண்டே இரண்டு சீட்டு இருக்கும்போது பெரியவர் ஒன்றைப் பிரித்தார். படிக்கக் கொஞ்சம் தாமதமானது.

"ஒண்ணு" என்றார்.

சுண்ணக்கட்டி நின்றது. அவர் மனைவி திரும்பி மகனைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் தன் நம்பரைத் தானே எழுதிக்கொண்டானா, சொந்த நம்பர் கூடாது என்று சொல்லியுமா என்று பெரியவருக்கு நெஞ்சு கசந்தது. பெற்ற பிள்ளைமேல் அப்படி ஒரு வெறுப்பு வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

கடைசிச் சீட்டைப் பிரித்தார். அதில் ஏழு. ஏழின் நடுவில் குறுக்காக ஒரு சின்னக் கோடு. இரண்டாம் வகுப்பிலிருந்து எத்தனை வாத்தியார்கள் திருத்தியும் மாறாத கோடு அது. இந்த உலகத்தில் அவர் வீட்டில் ஒருவன்தான் ஏழு என்ற எண்ணை அப்படி எழுதுகிறவன்.

பெரியவர் மகனைப் பார்த்தார். அவன் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நிமிடத்துக்கு முன்பு அவனை வெறுத்ததற்காக அவருக்கு அழுகை வந்தது. அதையும் அடக்கிக்கொண்டார்.

அப்படியானால் அந்த ஒன்று?

முந்தைய சீட்டை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரே ஒரு கோடு. கோணலாகத் தொடங்கி, பாதியில் நின்று, திரும்பத் தொடங்கி, முடிகிற இடத்தில் தாளைக் கிழித்திருந்தது. சட்டைப்பையில் இருந்த வாக்குமூலத்தை எடுத்து விரித்து, அடியில் இருந்த கையெழுத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை.

அத்தனை பேரில் அவர் மகனை ஸ்விட்ச் பக்கத்தில் நிறுத்தச் சம்மதித்தவர், அவன் கையால் சாகவிருந்த அந்த ஒரு மனிதர்தான். இது மன்னிப்பா, பயமா, மகளுக்காகக் கொடுக்கிற விலையா என்று பெரியவருக்குத் தெரியவில்லை. காலையில் கேட்டிருந்தால் பாசம் என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்.

"யாருதுங்க அது?" என்றாள் மனைவி, கையில் சுண்ணக்கட்டியோடு.

அவர் சீட்டை மடித்தார்.

வாசலில் நெட்டையின் மகள் இன்னும் போகாமல் நின்றாள். கூட்டம் முழுக்கத் தன்னைப் பார்ப்பது தெரிந்தும் அவள் குரல் நடுங்கவில்லை.

"அப்பா சீட்டைப் பாத்துட்டீங்களா சார்? அதுக்கு நீங்க என்ன சொல்றீங்கன்னு பதில் வாங்கிட்டுத்தான் வரணும்னு சொல்லி அனுப்பினாரு."